தட்டினால் கேட்கிற குழாய்

என் மகள் ஜோவானுக்கு வாய் நீளம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. அது என்னிடமிருந்து போனதுதான், வேறு எங்கிருந்து வரும்? ஆனால் அந்த வாயை என் வீட்டுக்கே வந்து என் தண்ணீர்மேல் காட்டினால் பொறுத்துக்கொள்ள முடியுமா? போன பள்ளி விடுமுறைக்குக் காம்பாரிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவள், அவனைக் குளிப்பாட்டப் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்தாள். பிடித்த கையோடு கத்தினாள்.

"ம்மா, இங்க வந்து பாருங்க லா. இது தண்ணியா, தே ஓவா?"

போய்ப் பார்த்தேன். கொஞ்சம் சிவப்பாகத்தான் இருந்தது. அதற்காகப் பால் ஊற்றாத டீ என்று சொல்வதெல்லாம் அநியாயம்.

"மொதத் தண்ணிய ஓட விட்டுட்டுப் புடிக்கணும். ராவெல்லாம் பைப்புல கெடந்த தண்ணி அப்படித்தான் வரும். நீ இதுலதான குளிச்சு வளந்த? கறுத்தா போயிட்ட?"

"கறுப்பாத்தான இருக்கேன்," என்றாள். வாய்க்கு வாய்.

அன்று மாலையே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வீட்டிலிருக்கிற இரும்புக் குழாயெல்லாம் உள்ளே துருப்பிடித்து அடைத்துக் கிடக்கிறது. மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அதுவரை பேரப்பிள்ளை இந்த வீட்டில் கால் வைக்க மாட்டான். ஆள்கூடப் பார்த்துவிட்டாளாம். அப்பாவு என்று ஒருவர், ஈப்போவில் பாதி வீட்டுக்குக் குழாய் போட்டவர். பேரனைக் காட்டி மிரட்டினால் நான் என்ன செய்வேன்? சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சுவரோரமாக நின்றேன். அங்கே ஓடுகிற குழாயைத் தொட்டுப் பார்த்தேன்.

எதற்குத் தொட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு இருளாயிக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை நின்று ஆறு வருஷம் ஆகிறது. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவள் அடுப்படி, இந்தப் பக்கம் என் அடுப்படி. மாதா கோயிலுக்குப் போகும்போது அவள் எதிரே வந்தால் நான் கைப்பையில் எதையாவது தேடுவேன். நான் பஸ்ஸுக்கு நின்றால் அவள் அடுத்த பஸ்ஸில்தான் போவாள். ஆனால் தினமும் விடியற்காலையில், அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் போகிற பழைய இரும்புக் குழாயில் அவள் கரண்டியால் தட்டுவாள். நான் திருப்பித் தட்டுவேன். எழுந்துவிட்டேன், நீயும் எழுந்துவிட்டாயா, சரி. அவ்வளவுதான் பேச்சு. அவளும் தனிக்கட்டை, நானும் தனிக்கட்டை. குழாயைப் பிடுங்கிவிட்டால் அதுவும் போய்விடும். போனால் எனக்கு அந்த வீட்டோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது.

இந்தத் தட்டுகிற பழக்கம் தோட்டத்தில் வந்தது. லகாட் பக்கம் இப்போது வரிசையாக மாடி வீடு கட்டி வைத்திருக்கிறார்களே, அங்கேதான் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. நான் சவரிநாதனைக் கட்டிக்கொண்டு போனபோது அவருக்குப் பம்ப் வீட்டில் வேலை. ஆற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றி, விடியற்காலையில் ஆட்கள் பெரட்டில் பேர் கொடுக்கப் போவதற்கு முன்னால் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குத் திறந்துவிடுவார். லயத்தின் பின்சுவர் நெடுக ஒரே இரும்புக் குழாய், அதில் வீட்டுக்கு ஒரு திருகு. தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் இருமும். அதை முதலில் கேட்டவள் கையில் கிடைத்ததை எடுத்துக் குழாயில் தட்டுவாள். சத்தம் லயம் முழுக்க ஓடும். ஒவ்வொரு வீடும் திருப்பித் தட்டும். ஒரு வீடு தட்டவில்லை என்றால் யாராவது ஓடிப் போய்ப் பார்ப்பார்கள். காய்ச்சலோ, பிரசவ வலியோ, கள்ளைக் குடித்துவிட்டு எழுந்திருக்காமல் கிடக்கிறார்களோ, யார் கண்டது? கங்காணியும் சொல்லவில்லை, கணக்கெழுதுகிற கிராணியும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு நடந்தது.

சண்டை போட்டிருந்தாலும் தட்டத்தான் வேண்டும். ஒரு கோழிக்காக எதிரும் புதிருமாக நின்று பாராங்கத்தியைத் தூக்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் விடியற்காலை அந்தக் கோழியைப் பறிகொடுத்த ராக்காயிதான் முதலில் தட்டினாள். "நாசமாப் போறவளே, தண்ணி வந்துருச்சு, எந்திரிடி!" என்று திட்டிக்கொண்டே தட்டினாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்ததற்கு எனக்கும் சேர்த்துக் கிடைத்தது.

நான் புதுப்பெண்ணாக வந்த முதல் விடியலில் எனக்கு இதெல்லாம் தெரியாது. சவரி பம்ப் வீட்டுக்குப் போய்விட்டார். சுவருக்குள்ளிருந்து டங் டங்கென்று சத்தம். பேய்தான் என்று நினைத்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நிமிஷம் பின்வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். என் வயசுதான். தலையில் துணி, கையில் பால்வாளி, வாயில் வெற்றிலை.

"ஏ புதுப்பொண்ணு, ஜெபமெல்லாம் பொறவு பண்ணலாம். வாளிய எடு, தண்ணி நின்னுரப் போவுது. பேரு என்னா?"

"பெட்ரீசியா."

"அம்மாடியோவ்! அதச் சொல்றதுக்குள்ள தண்ணியே நின்னுரும். பத்ரீசி, வா."

அவள்தான் இருளாயி. அன்றையிலிருந்து நாங்கள் இருவரும் அடுத்தடுத்த நிரையில்தான் பால் எடுக்க மரம் வெட்டினோம். அட்டை கடித்தால் எனக்கு அவள் பிடுங்குவாள், அவளுக்கு நான் பிடுங்குவேன். மழை பெய்து வேலை இல்லாத நாட்களில் அவள் வீட்டு மரவள்ளிக்கிழங்கும் என் வீட்டு நெத்திலிச் சம்பலும் ஒரே தட்டில் இருக்கும். கஷ்டம் இல்லையா என்றால் இருந்தது, கழுத்து மட்டும் இருந்தது. இருந்தும், விடியற்காலையில் வீடு வீடாக அந்தச் சத்தம் தட்டிக்கொண்டு வந்து, கடைசி வீட்டு மாரியம்மாவும் தட்டி முடித்து, லயமே முழித்துவிட்டது என்று தெரிகிற அந்த நேரம் இருக்கிறதே, அதற்கு ஈடாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அத்தனை பேர் என்னோடு உயிரோடு இருந்தார்கள்.

தோட்டத்தை விற்றபோது ஆளுக்கொரு பக்கம் போனோம். ஈப்போவில் இந்தத் தாமான் குடியிருப்பில் அடுத்தடுத்து இரண்டு வீடு வாங்க வைத்தது இருளாயியின் பிடிவாதம். குடிவந்த நேரத்தில் அவள் வீட்டுக்குத் தண்ணீர் மீட்டர் இன்னும் வரவில்லை. சவரி என்ன செய்தார்? லயத்தில் கழற்றிப் போட்டிருந்த குழாயை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். சுவரில் ஓட்டை போட்டு, எங்கள் குழாயிலிருந்து அவள் வீட்டுக் குழாய்க்கு ஒரு துண்டை இழுத்துவிட்டார். மீட்டர் வந்ததும் நடுவில் ஒரு வால்வு வைத்து மூடினார், குழாயை எடுக்கவில்லை. "கெடக்கட்டும், அதுவா சோறு கேக்குது?" என்றார். மறுநாள் விடியற்காலை சுவருக்குள் டங் டங். திருகைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் கொட்டுகிற ஊரில் இவள் எதற்குத் தட்டுகிறாள்? சிரித்துக்கொண்டே நானும் கரண்டியை எடுத்தேன். பிறகு அவள் புருஷன் போய்ச் சேர்ந்தார், என் சவரியும் போய்ச் சேர்ந்தார். தட்டுவது நிற்கவில்லை.

சண்டை வந்தது ஜோவான் கல்யாணத்தில். மாப்பிள்ளை ஷானின் அம்மா, நறுக்கென்று இங்கிலீஷ் பேசுகிற மனுஷி. அவள் பக்கத்தில் போய் இருளாயி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் நல்லதாக நாலு வார்த்தை சொல்லக் கூடாதா? மணப்பெண் மூன்றாம் வகுப்புவரை பாயில் ஒன்றுக்குப் போனாள் என்றும், அந்தப் பாயைத் தினமும் வேலியில் காயப் போட்டது இவள்தான் என்றும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டு மேசையே சிரிக்கிறது. ஜோவான் முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கு மூக்குக்கு மேல் வந்தது கோபம். "ஒன் வாய மூடிக்கிட்டு எந்திரிச்சுப் போடி!" என்றேன். நான் மேடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் மைக் இருந்தது. அதை யாரும் அணைத்திருக்கவில்லை.

இருளாயி எழுந்தாள், சேலையைச் சரிசெய்தாள், மண்டபத்தைவிட்டுப் போனாள். அவள் வந்து முதலில் பேசட்டும் என்று நான். நான் போய் முதலில் பேச வேண்டும் என்று அவள். இன்றைக்கும் சொல்கிறேன், தப்பு அவள்மேல்தான். ஆனால் அதற்கு மறுநாள் விடியற்காலையில் குழாய் தட்டியது. கல்யாண வீட்டு அசதியில் படுத்துக் கிடந்தவள் எழுந்து ஓடினேன். திருப்பித் தட்டிவிட்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இப்படிப்பட்ட குழாயைத்தான் இவர்கள் பிடுங்கப் போகிறார்கள்.

அப்பாவு வந்தார். தொந்தியும் கழுத்தில் தொங்குகிற கைப்பேசியுமாக, ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இப்பல்லாம் யாரும் இரும்பு போடுறதில்ல. பிபிஆர் பைப் பாசாங் பண்ணி மாட்டிடுவோம். துருவும் புடிக்காது, ஒண்ணும் புடிக்காது. மிஷின்ல சூடு காட்டி ஒட்டிட்டா ஜாயிண்டு எங்க இருக்குன்னே தெரியாது. நம்ம காலத்துக்கும் தாஹான், தாங்கும்."

"சத்தம் எப்படி?" என்று கேட்டேன்.

"சத்தமா? சத்தமே வராதுக்கா! தண்ணி ஓடுறதுகூட கேக்காது. அதான் அதோட ஸ்பெஷலே."

மனுஷன் அதைப் பெருமையாகச் சொன்னார். 

"வேணாம்," என்றேன்.

"ஏன்ம்மா?" என்றாள் ஜோவான்.

உண்மையைச் சொன்னால் சிரிப்பாள். சிரித்துவிட்டு, போன் பண்ணிப் பேசுங்கள் என்பாள். போனில் பேச ஏதாவது இருக்க வேண்டுமே. குழாயில் தட்ட ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. இதை அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

"அது பிளாஸ்டிக்கு. கொழந்தைக்கு ஆகாது," என்றேன்.

ஜோவான் என்னை ஒரு மரியாதையோடு பார்த்தாள். பெற்ற நாளிலிருந்து அப்படி ஒரு பார்வை எனக்குக் கிடைத்ததில்லை. "அம்மா சொல்றதும் கரெக்ட்தான்," என்றாள் அப்பாவு பக்கம் திரும்பி. நானும் விடாமல் பிடித்துக்கொண்டேன். கடைக்கு நானே வருவேன், நானே பார்த்து எடுப்பேன் என்றேன். கிளம்பும்போது கைப்பையில் ஒரு கரண்டியைப் போட்டுக்கொண்டேன்.

ஹார்ட்வேர் கடைக்காரச் சீனர், குழாய்களை நீளவாக்கில் சுவரோடு அடுக்கி வைத்திருந்தார். நான் கரண்டியை எடுத்து முதலில் பச்சை பிபிஆரைத் தட்டினேன். பொத் என்றது. மண்மூட்டையைத் தட்டினால்கூட அதைவிட நன்றாகக் கேட்கும். வெள்ளை பிவிசி டொக் என்று சொல்லிவிட்டு அத்தோடு வாயை மூடிக்கொண்டது. கறுப்பு பாலி பைப் ஒன்றுமே சொல்லவில்லை, சுருட்டி வைத்த ரப்பர் அது, என்னத்தைச் சொல்லும்? ஜோவான் தள்ளி நின்று தெரியாதவள்போல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைப் வாங்க வந்தீர்களா, மியூசிக் வாசிக்க வந்தீர்களா ஆன்ட்டி என்று அந்தக் கடைக்காரத் தவுக்கே மலாயில் கேட்டார். ரெண்டுக்கும்தான் என்றேன்.

"அப்பாவு, அந்த முனையில போயி காத வையி."

"எதுக்குக்கா?"

"வையி லா."

அவர் செம்புக் குழாயின் அந்த முனையில் குனிந்து காதை வைத்தார். இந்த முனையில் தட்டினேன். "ஆத்தே!" என்று தலையை இழுத்துக்கொண்டார். கேட்டிருக்கிறது. ஆனால் செம்பு வேண்டாம் என்றார், செம்பு என்று தெரிந்தால் திருடன் சுவரை உடைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவானாம். அடுத்தது எவர்சில்வர். மெல்லிசாக, பளபளவென்று இருந்தது. தட்டினேன். டங் என்று சுத்தமாகக் கேட்டது. இன்னொரு முறை தட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். இரும்பின் சத்தம் கனமாக இருக்கும், இது கொஞ்சம் கீச்சுக் குரல். பரவாயில்லை, ராக்காயி குரலும் அப்படித்தான் இருந்தது.

"இதான்," என்றேன்.

"சூப்பர்ம்மா," என்றாள் ஜோவான். பேரன் எவர்சில்வர் தண்ணீரில் குளிக்கப் போகிற சந்தோஷம் அவளுக்கு.

வேலை தொடங்குகிற வாரத்தில் இருளாயியை அவள் மகன் சீனி வந்து அழைத்துக்கொண்டு போனான். அவன் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான், மருமகளுக்கு உடம்பு சரியில்லையாம். போகிற அன்று காலை அவள் குழாயில் வழக்கத்தைவிட நீளமாகத் தட்டினாள். ஊருக்குப் போனால் அப்படித்தான் தட்டுவாள். நானும் நீளமாகத் தட்டினேன். பத்திரமாகப் போய்விட்டு வா. வரும்போது புதுக் குழாய் இருக்கும், சத்தம் கொஞ்சம் கீச்சென்று இருக்கும், பயந்துவிடாதே. இதையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்பாவு வீட்டைக் கந்தல் கூளமாக்கினார். எங்கு பார்த்தாலும் சிமெண்டுத் தூள். எவர்சில்வர் குழாய் குளியலறையிலிருந்து அடுப்படிவரை வந்தது. நான் யாரும் பார்க்காதபோது அங்கங்கே தட்டிப் பார்த்துக்கொண்டேன். எல்லா இடத்திலும் நன்றாகக் கேட்டது. சந்தோஷமாக மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால் நடுச்சுவரில் ஒரு பெரிய ஓட்டை. தரையில் சவரியின் குழாய் துண்டு துண்டாகக் கிடந்தது. கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"உங்க துருவெல்லாம் இதுலேர்ந்துதான்க்கா வந்திருக்கு. சுவத்துக்குள்ளயே போச்சோர் ஆகி ஒழுகி ரெண்டு பக்கமும் ஊறிப் போயிருக்கு. நல்ல வேளை, இப்பப் பாத்தோம். எடுத்துட்டு அவங்க பக்கத்து முனைய மூடி போட்டு அடைச்சுட்டேன்."

"யாரக் கேட்டு எடுத்த?"

"சீனிக்குப் போன் போட்டேன்க்கா. எடுத்துருங்கண்ணேன்னு சொன்னாரு."

"என்னயக் கேட்டியா? வூட்டுக்காரி நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்னயக் கேட்டியா?"

மனுஷன் மிரண்டுபோனார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? சரி, போனது போகட்டும், அந்த ஓட்டை வழியாக எவர்சில்வர் குழாயையே அந்தப் பக்கம் விடு என்றேன்.

"ரெண்டு வூட்டுத் தண்ணியையும் சேக்கக் கூடாதுக்கா, மீட்டர் வேற வேற. தண்ணியில்லாம சும்மா ஒரு பைப்ப வுடலாம். ஆனா அது அவங்க அடுப்படிக்குள்ள போயி நிக்கும். மகனுக்கு எதுக்குன்னே புரியாது, அந்த அம்மாதான் சொல்லணும். அவங்க வந்ததும் நீங்களே ஒரு வார்த்த கேட்டுருங்க. பக்கத்து வூடுதான? செனாங், லேசுதான்."

செனாங்காம். ஒரு வார்த்தையாம். அந்த ஒரு வார்த்தைக்கு வழியில்லாமல்தானே ஆறு வருஷமாகக் கரண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடை முழுக்கத் தட்டித் தட்டிக் குழாய் எடுத்தேன். வீடு முழுக்கக் கணீரென்று கேட்கிற குழாய். அது என் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. உதிர்ந்த துருவைக் கூட்டி அள்ளும்போது அழுகை வந்துவிட்டது. ஜோவான் பார்த்துவிட்டாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், சிரிக்கவில்லை.

"இருளாயி அத்தை வந்ததும் போயி பேசுங்கம்மா."

"நான் எதுக்குப் பேசணும்? தப்புப் பண்ணவ அவ."

"அப்ப நான் பேசுறேன்."

"பேசிப் பாரு. உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்."

"என் கல்யாணம்மா அது. எனக்கே அது மறந்து போச்சு," என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு காம்பாருக்குக் கிளம்பிவிட்டாள். அப்பாவு ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டுப் போனார்.

ஒரு சாயங்காலம் சீனியின் கார் வந்து நின்றது. நான் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். பையில் ஒன்றுமில்லை, இரண்டு வெங்காயத் தோல்தான் இருந்தது. இருளாயி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். இளைத்திருந்தாள். எப்போது இவ்வளவு நரைத்தாள்? குழாய் சமாச்சாரத்தைச் சீனி ஒரு பொருட்டாக நினைத்து இவளிடம் சொல்லியிருக்க மாட்டான். குழாயை எடுத்துவிட்டார்கள், இனிமேல் சத்தம் வராது, பயப்படாதே. இதுதான் நான் சொல்ல வேண்டியது. வாய்வரை வந்தது. சீனி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இருளாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலைப் பார்த்ததும் எனக்கும் வீம்பு வந்துவிட்டது. பையைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். காலையில் விடிந்ததும் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தேன். சீனி அன்றே திரும்பிப் போய்விட்டான்.

விடியற்காலையில் வழக்கம்போல எழுந்து அடுப்படிக்கு வந்தேன். புதுப்பூச்சில் காதை வைத்தேன். அவள் பக்கத்தில் இரும்புக் குழாய் இன்னும் இருக்கிறது அல்லவா? கேட்டது. எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, டங், டங். என் இருளாயி வந்துவிட்டாள். கரண்டியை எடுத்துச் சுவரில் அடித்தேன். பூச்சு பெயர்ந்ததே தவிர சத்தம் எழவில்லை. எவர்சில்வர் குழாயில் அடித்தேன். குளியலறைவரை கணகணவென்று கேட்டது, அவளுக்குக் கேட்டிருக்காது. மறுபடி காதை வைத்தேன். மறுபடி தட்டினாள், இப்போது கொஞ்சம் வேகமாக. நான் அம்மிக் குழவியைத் தூக்கிச் சுவரில் மோதினேன். அவள் விடாமல் தட்டினாள். டங்டங்டங்டங் என்று, மூச்சு விடாமல், அடித்து உடைக்கிறவள்போல. பிறகு நின்றுவிட்டது.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். "இரு" என்பதற்குமேல் வரவில்லை. அந்தப் பேரைச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று! சாவியைத் தேடி ஓடினேன். மாதா படத்துக்குக் கீழே இல்லை, மேசைமேல் இல்லை. அதற்குள் வாசலில் இரும்பு கிரில்லைப் பிடித்து யாரோ உலுக்குகிற சத்தம்.

"பத்ரீசீ! ஏ பத்ரீசீ! அய்யோ, தட்ட மாட்டேங்குறாளே! யாராச்சும் வாங்களேன்! கதவ ஒடைங்களேன்!"

சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. திறந்தேன். கைலியும் மேல்துண்டுமாக, தலைவிரி கோலமாக, காலில் செருப்பில்லாமல் நின்றாள். கையில் இன்னும் கரண்டி. எதிர் வீட்டு மலாய்க்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

அவள்தான் முதலில் பேசினாள். நான் ஜெயித்துவிட்டேன். எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தேன், இந்த நேரத்தில் சொல்ல என்னென்ன வைத்திருந்தேன்! அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது.  என்னை மேலும் கீழும் பார்த்தாள். கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தக் கையிலேயே ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"உசுரோடதான இருக்க? அப்ப ஏன்டி தட்டல?"

"பைப்ப எடுத்துட்டாங்க," என்றேன்.

"பைப்பத்தானடி எடுத்தாங்க? ஒன் வாயையுமா எடுத்துட்டாங்க?"

 வாய்க்கு வாய் பேசுகிற வம்சம் எங்களுடையது, ஒரு சொல் வரவில்லை. அவள் கிரில்லைப் பிடித்துக்கொண்டு படியில் அப்படியே உட்கார்ந்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். "போயிட்டன்னு நெனச்சேன்டி. நான் ஊர்ல இல்லாத நேரமாப் பாத்து நீ போயிட்டன்னு நெனச்சேன். பேசாமலேயே போயிட்டாளே பாவி மவன்னு..." அதற்குமேல் அவளாலும் முடியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கிழவிகள் இரண்டு பேர் வாசற்படியில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பதைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர் ஜன்னலை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

"பேசுடி," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எதாச்சும் பேசு. ஒன் கொரலக் கேக்கணும்."

என்ன பேசுவது? ஆறு வருஷமாக நெஞ்சில் சிக்கிக் கிடந்த முள் எது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பாயும் இல்லை, மைக்கும் இல்லை.

"அன்னிக்கு நீ சாப்புடாமப் போயிட்ட," என்றேன். "என் பொண்ணு கல்யாணத்துல நீ ஒரு வாய் சாப்புடாமப் போயிட்டியேடி."

இருளாயி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பசிச்சுச்சுடி," என்றாள். "வூட்டுல போயி மீ நூடுல்ஸ் வேக வச்சுத் தின்னேன். வாயில வைக்க வெளங்கல."

அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன். கரண்டியை வாங்கிக்கொண்டேன். அடுப்படியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

"மாவு இருக்கு. தோசை சுடவா?"

"சுடு," என்றாள் இருளாயி. "அன்னிக்குள்ளதையும் சேத்துச் சுடு."